அறிவிப்பு அம்மாவின் ஆம்ப்ளிஃபயர்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவள் கட்டிய ஆம்ப்ளிஃபயரிலிருந்து எரிந்துபோன இரண்டு டிரான்சிஸ்டர்களைக் கழற்றியது. ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தாள். நான் கைவிளக்கைப் பிடித்தேன். அவள் சால்டரிங் அயர்னின் முனையை ஒவ்வொரு காலின் மேலும் வைத்து, ஈயம் இளகியதும் உறிஞ்சு குழாயால் இழுத்தாள். ஒரு டிரான்சிஸ்டருக்கு மூன்று கால். இரண்டுக்கு ஆறு. பத்து நிமிட வேலை. ஆனால் அரை மணி நேரம் ஆனது, ஏனென்றால் அவள் நடுநடுவே நிறுத்திப் பேசினாள்.

"கை நடுங்கி ரொம்ப நேரம் சூடு குடுத்துட்டேன் போல" என்றாள்.

நான் விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினேன்.

இரண்டு கால்கள் கழன்றன. "கண்ணும் முன்ன மாதிரி இல்ல."

நான் விளக்கைப் பிடித்தபடியே நின்றேன். கடைசிக் காலுக்கு வந்தபோது அயர்னை அதன் தாங்கியில் வைத்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"மின்சாரமே பாக்காத பொருள் எப்படிடி சாகும்? நான்தான் ஏதோ பண்ணியிருக்கணும்."

"வயசாகுதுல்லம்மா" என்றேன்.

"ஆமா" என்றாள். "வீட்ல எனக்கு மட்டும்தான் ஆகுது."

கடைசிக் காலையும் கழற்றினாள். இரண்டையும் ஒரு காகிதத்தில் மடித்துத் தன் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். செத்த பொருளை எதற்கு எடுத்து வைக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. எட்டு நாள் கழித்து, திங்கட்கிழமை காலை, அம்மா இறந்துபோனாள்.

அந்த இரண்டு டிரான்சிஸ்டர்களை எரித்தது நான்.

அம்மா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். இருபத்தொன்பது வருடம். முதலில் டிக்கெட் கவுண்டரில்தான் வேலை. ஒருநாள் அறிவிப்பாளர் வரவில்லை, யாராவது போய் உட்காருங்கள் என்று அனுப்பினார்கள். மாலையில் நிலைய மேலாளர் அறிவிப்பு அறைக்கு வந்து, இந்தக் குரலை வைத்துக்கொண்டா இத்தனை நாள் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டாராம். அதற்குப் பிறகு அவள் கவுண்டருக்குத் திரும்பவே இல்லை.

எட்டடிக்கு ஆறடி கண்ணாடி அறை. ஒரு மேசை விசிறி, இரண்டு பேரேடு, வளைகழுத்து மைக். நாற்காலிக்குப் பின்னால் மரத்தட்டில் ஆம்ப்ளிஃபயர். அதிலிருந்து நான்கு மேடைகளுக்கும் நான்கு கொம்பு ஸ்பீக்கர்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் போவேன். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் குளிர்காலத்தில் சூடாக இருக்கும்.

எழுதிக் கொடுத்ததை மட்டும் அவள் படித்ததில்லை. "ஓட வேண்டாம், ஓட்டுநர் இன்னும் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்" என்பாள். அழுதுகொண்டு நிற்கும் குழந்தையை யாராவது கொண்டுவந்து விட்டால், "இங்கே ஒரு குழந்தை பத்திரமாக இருக்கிறது. அதன் அம்மாதான் காணாமல் போய்விட்டார். அவர் எங்கிருந்தாலும் உடனே கிடைக்கவும்" என்பாள். வீட்டிலும் அந்த ராகம் போகவில்லை. "அப்பாவின் கனிவான கவனத்திற்கு. துவைக்கப் போட வேண்டிய சட்டை இன்னும் அவர் உடம்பிலேயே நின்றுகொண்டிருக்கிறது."

அந்த அறையின் ஆம்ப்ளிஃபயர் மழை பெய்தால் இரையும், வெயில் அடித்தால் ஊமையாகும். அதைச் சரிசெய்ய நிலையத்தில் ஓர் எலக்ட்ரீஷியன் இருந்தார். எப்போது கூப்பிட்டாலும் அவருடைய பதில் ஒன்றுதான். அதனால் அவருக்கு 'நாளைக்கு' என்று பெயர் வந்தது. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். அம்மா காத்திருந்து பார்த்தாள். பிறகு ஒரு திருகாணி முடுக்கியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். முதலில் ஃபியூஸ் மாற்றினாள். அடுத்து, விட்டுப்போன ஒரு சால்டரைக் கண்டுபிடித்தாள். ஒரு மழைக்காலத்தில் 'நாளைக்கு' வந்து மூடியைத் திறந்தபோது, மூன்று மாதமாக அவர் தள்ளிப்போட்டிருந்த வேலை முடிந்திருந்தது. முதலில் அவருக்குக் கோபம். அடுத்த நாள் ஆம்ப்ளிஃபயரின் சுற்றுப்படத்தை மடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இந்தாங்க அறிவிப்பு அம்மா. இனிமே என்னைக் கூப்பிடாதீங்க. நாளைக்கும் வரமாட்டேன்" என்றார்.

அந்தப் படத்தை வைத்துத்தான் அம்மா மின்னணுவியல் படித்தாள். நான் அதே பாடத்தை நான்கு வருடம் கல்லூரியில் படித்தேன். இப்போது மின்வழங்கிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில், பதினாறாவது வருடம். எங்கள் பிரிவுச் சுவரில் முதல் விதி பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது: புதிய போர்டுக்கு முதல் மின்சாரம் எப்போதும் கட்டுப்பாட்டோடு. எழுதி ஒட்டியது நான்.

அப்பா தகரம் வெட்டும் தொழிற்சாலையில் அழுத்து எந்திரம் ஓட்டினார். முப்பத்தொரு வருடம். நிமிடத்துக்கு நாற்பது அடி. ஐம்பது வயதுக்குள் காது போய்விட்டது. முழுதாகப் போகவில்லை. கனமான சத்தம் கேட்கும். லாரி கேட்கும், கதவு சாத்துவது கேட்கும். பேச்சுதான் கேட்காது. அதில் இருக்கும் மெல்லிய, கூரான ஒலிகளெல்லாம் உதிர்ந்துவிட்டன. அம்மா எதிரே நின்று கத்தினால் பாதி பிடிப்பார். மீதியைத் தாளில் எழுதிக் காட்ட வேண்டும். கத்திக் கத்தி அம்மா வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். நாள் முழுக்கப் பேசிவிட்டு வருபவளுக்கு வீட்டில் தொண்டை இருக்காது.

ஓய்வு பெற்ற பிறகு அப்பா ஒருநாள் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனார். மூன்றாம் மேடையில் கொம்புக்கு நேர்கீழே உள்ள பெஞ்சில் உட்கார்ந்தார். மேலேயிருந்து அம்மா பேசினாள். அவருக்குக் கேட்டது. வார்த்தை வார்த்தையாகக் கேட்டது.

அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்குக் கிளம்பிப் போய்விடுவார். இரண்டு மணி நேரம் அந்தப் பெஞ்சில். ஒருநாள் ஒரு நடத்துநர் இரக்கப்பட்டு, எந்த பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள் பெரியவரே, நான் ஏற்றிவிடுகிறேன் என்றாராம். "பஸ்ஸுக்கு இல்லப்பா. என் பொண்டாட்டி பேசறா, கேட்டுட்டிருக்கேன்" என்றார் அப்பா. நடத்துநர் அதை நிலையம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. நான்கு பத்து வண்டியின் அறிவிப்புக்குப் பிறகு ஒரு வரி கூட்ட ஆரம்பித்தாள். "மூன்றாம் மேடையில் அமர்ந்திருப்பவர் வீடு திரும்பும்போது பால் வாங்கிச் செல்லவும்." இதற்காக மேலாளர் அவளிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். அவளும் எழுத்து மூலமே பதில் கொடுத்தாள்: அந்தப் பயணி தினமும் பாலை மறந்துவிடுகிறார்.

ஐந்து வருடம் இப்படி. அப்புறம் பதிவு செய்த குரல் வந்தது. பட்டனைத் தட்டினால் யாரோ ஒரு பெண் பேசுவாள். அம்மா ஓய்வு பெற்ற அதே மாதம் கொம்புகளை இறக்கி, கூரையில் பெட்டி ஸ்பீக்கர்களைப் பொருத்தினார்கள். அப்பா ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு போகவில்லை.

அம்மா முழுநேரமும் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவருக்கு அவள் குரல் நின்றுபோனது.

காதுக்கருவி வாங்கினோம். காதுக்குள் குக்கர் வைத்த மாதிரி விசில் அடிக்கிறது என்று மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். நான் கடையிலிருந்து ஒரு புது ஒலிப்பெட்டி வாங்கி வந்தேன். ஐந்து நிமிடம் கேட்டார். "இடி இடிக்குது, மழை வரல" என்றார். அம்மா அதைத் திரும்ப அட்டைப்பெட்டியில் வைத்தாள்.

"அந்தக் கொம்பும் அந்த செட்டும்தான் அவருக்குப் பேசும்" என்றாள்.

நான் விளக்கினேன். கொம்பு கீழ்ச் சத்தத்தை வெட்டிவிடும், நடுப்பகுதியை மட்டும் தள்ளும், பேச்சின் உயிர் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது என்று ஒரு தாளில் வளைகோடு போட்டுக் காட்டினேன்.

"அதைத்தானே நானும் சொன்னேன்" என்றாள். "நீ கொஞ்சம் சுத்திச் சொல்ற."

'நாளைக்கு' அதற்குள் ஓய்வு பெற்று, சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய மின்னணுச் சாமான் கடை போட்டிருந்தார். நிலையத்தில் கழித்துக் கட்டிய சரக்கை மொத்தமாக ஏலத்தில் எடுத்தவரும் அவரே. அம்மா அங்கே போனாள். விளிம்பு நசுங்கிய ஒரு கொம்பு கிடைத்தது. அவள் முதுகுக்குப் பின்னால் இருபத்தொன்பது வருடம் சூடாக இருந்த ஆம்ப்ளிஃபயரில் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் உயிரோடு இருந்தது. அதை இரண்டு கையாலும் சுமந்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். குழந்தையை மடியில் வைத்த மாதிரி வைத்திருந்தேன், பக்கத்தில் இருந்தவள் எழுந்து ஜன்னலோர இடம் கொடுத்தாள் என்று தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள்.

பதினான்கு மாதம் கட்டினாள். செத்துப்போன டிவியிலிருந்து கெபாசிட்டர்கள். உடைந்த வெல்டிங் எந்திரத்திலிருந்து, சூட்டை வாங்கி வெளியே விடும் அலுமினிய ஹீட் சிங்க். அதைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினாள். பெட்டி, டிக்கெட் கவுண்டரின் பழைய பணப்பெட்டி. பூட்டு இருந்த ஓட்டையில் சிவப்பு விளக்கு பொருத்தினாள். கடைசியில் மிஞ்சியது வெளியீட்டு டிரான்சிஸ்டர் ஜோடி. இப்போது வராத பழைய ரகம். இரண்டும் ஒரே அளவுக்கு மின்சாரத்தைப் பெருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாரமெல்லாம் ஒன்றின் தலையில் விழும். 'நாளைக்கு' சாக்கில் வைத்திருந்தவற்றில் இருபத்து மூன்றை அளந்து, அளவுகளை நாள்காட்டியின் பின்பக்கம் எழுதி, இரண்டைத் தேர்ந்தெடுத்தாள். "ஜோடிப் பொருத்தம். எனக்கும் உங்கப்பாவுக்கும் இந்த அளவுக்கு யாரும் பாக்கல" என்றாள்.

அப்பா தினமும் அவள் பக்கத்தில் டீ கொண்டுவந்து வைப்பார். கேட்பவர்களிடம், "எனக்காகத்தான் கட்டறாளாம். கேக்காம இருக்கற வரைக்கும் நிம்மதியா இருந்தேன், இனிமே திட்டறதெல்லாம் கேக்கும்" என்பார். மைக்கை அடுப்படியில் வைப்பது, கொம்பை முன்னறையில் அவர் நாற்காலிக்கு மேல் மாட்டுவது என்று ஏற்பாடு. கொம்புக்கு ஆணி அடித்துக் கொடுத்தவர் அவர்தான்.

அம்மாவிடம் ஒரு சீரிஸ் போர்டு இருந்தது. மரப்பலகையில் ஒரு பல்பு ஹோல்டர், பக்கத்தில் ஒரு ப்ளக் பாயிண்ட். ப்ளக்கில் எதைச் செருகினாலும் மின்சாரம் பல்பு வழியாகத்தான் போகும். செட்டில் கோளாறு இருந்தால் பல்பு முழுதாக எரிந்து எல்லாவற்றையும் தானே வாங்கிக்கொள்ளும், செட் பிழைத்துவிடும். கோளாறு இல்லாவிட்டால் மங்கி அடங்கிவிடும். இதற்கு இழை உள்ள பழைய நூறு வாட் பல்புதான் வேண்டும். அது இப்போது எளிதில் கிடைப்பதில்லை. அம்மா ஒன்றைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

அன்று சனிக்கிழமை. வேலை முடிந்துவிட்டது என்று முதல் நாள் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். "எல்லாம் கட்டியாச்சு. மின்சாரம் மட்டும் நான் கண்ணாஸ்பத்திரி போயிட்டு வந்துதான். கடைசித் திருகு இன்னும் வைக்கல." சும்மா இருக்கும்போது டிரான்சிஸ்டர்கள் எவ்வளவு மின்சாரம் குடிக்கலாம் என்று நிர்ணயிக்கும் சின்னத் திருகு அது. குறைந்த பக்கத்தில் வைத்துத் தொடங்கி, பல்பைப் பார்த்துக்கொண்டே மெல்ல ஏற்ற வேண்டும். எனக்கு அது தெரியாமல் இல்லை.

நான் பத்து மணிக்குப் போனேன். அம்மா கண்ணாடியை மாற்றுவதற்காகக் கண் மருத்துவமனைக்குப் போயிருந்தாள். அப்பா முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே மேசையில் ஆம்ப்ளிஃபயர், அவர் நாற்காலிக்கு மேல் மாட்டிய கொம்பும் மைக்கும் இணைத்துத் தயாராக. அவள் வரும்போது அது பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவளுக்கு ஒரு சந்தோஷம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவள் கையால்தான் உயிர் வந்தது என்று இருக்கட்டும் என்றும் ஓர் எண்ணம் இருந்தது. அதையும் எழுத வேண்டும்.

சீரிஸ் போர்டில் செருகினேன். பல்பு படபடவென்று சிமிட்டியது. செட் எழவில்லை. குனிந்து பார்த்தேன். ஹோல்டரில் இருந்தது புத்தம் புதிய எல்.இ.டி. பல்பு. அப்பாவின் வேலை. அம்மா டிரான்ஸ்ஃபார்மரைச் சோதனை பார்க்கும்போதெல்லாம் அந்தப் பல்பு மங்கலாக எரிவதைப் பார்த்து, பாவம் இந்த வெளிச்சத்தில் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாளே என்று, அவள் அந்தப் பக்கம் போனதும் நல்லதாக ஒன்றை மாட்டியிருக்கிறார். பழையதை எங்கே வைத்தார் என்று எழுதிக் கேட்டிருக்கலாம். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

நான் ப்ளக்கை உருவி நேராகச் சுவரில் செருகினேன். திருகு நடுவில் நின்றிருந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது. கொம்பில் மெல்லிய சீறல், இரைச்சல் இல்லை. அத்தனை பழைய சாமானை வைத்து அவ்வளவு சுத்தமாகக் கட்டியிருந்தாள். மைக்கை இழுத்து, "அப்பா" என்றேன்.

கதவிடுக்கில் அப்பா நிமிர்வது தெரிந்தது. வாசலைப் பார்க்கவில்லை. நேராகக் கொம்பு இருந்த பக்கம் திரும்பினார்.

"யாரு?"

"நான்தான்ப்பா" என்றேன், சாதாரணக் குரலில். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். என் முகம் அவருக்குத் தெரியாது. நடுவில் சுவர்.

அதற்குள் வாசனை வந்துவிட்டது. ப்ளக்கைப் பிடுங்குவதற்குள் கொம்பில் ஒரு 'டப்'. மொத்தம் இருபது விநாடி இருக்கும்.

அப்பா வந்து நின்றார். "யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சே."

நான் தலையாட்டினேன். இல்லை.

காதைத் தொட்டுக்காட்டினார். "இதுக்குள்ள எப்பவும் ஒரு ஊரே இருக்கு. அதுல யாராவது கூப்பிட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குத் திரும்பினார்.

ஜன்னலைத் திறந்தேன். எல்லாவற்றையும் இருந்தபடி வைத்தேன். அம்மா வந்தபோது, அவசர வேலை என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். அதே ரக ஜோடியைத் தேடி வாங்கி அவளுக்குத் தெரியாமல் மாற்றிவிடலாம் என்பது திட்டம். என் ஊர்க் கடைகளில் போலிதான் இருந்தது. இரண்டு நாளில் அம்மா கூப்பிட்டாள். அப்பாவிடமிருந்து பழைய பல்பை மீட்டுப் போர்டில் போட்டு, முறைப்படி மின்சாரம் கொடுத்திருக்கிறாள். "பல்பு முழுசா எரியுதுடி" என்றாள். குரல் சிறுத்திருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். டிரான்சிஸ்டர்களை அளந்து பார் என்று, ஒன்றும் தெரியாத டாக்டர் மாதிரி சொன்னேன். அளந்தாள். இரண்டும் ஷார்ட்.

அதற்குப் பிறகு அவள் அயர்னைத் தொடவில்லை, நான் போன அந்த ஞாயிற்றுக்கிழமை வரை. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம், எனக்குக் கைவரவில்லை என்று சொல்லிவிட்டாள். நான் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

எரித்ததை மறைத்தது ஒரு பாதி. அதைவிடப் பெரிய பாதி இன்னொன்று. அது பேசியது. அவள் கணக்கு சரி, அவள் கை சரி, கொம்பைப் பற்றி அவள் சொன்னது சரி. காது கேட்காத மனிதர் சுவருக்கு அப்பாலிருந்து திரும்பிப் பார்த்தார். உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான். அதைச் சொன்னால் எரித்ததையும் சொல்ல வேண்டும். அதனால் இரண்டையும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் வாசலுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். ஒரு காலில் செருப்பு, தோளில் துணிப்பை. அப்பா பின்னறையில் இருந்திருக்கிறார். டீ ஆறுகிறதே என்று தேடி வந்தபோதுதான் பார்த்தார். இதயம், ஒரு நொடியில் முடிந்திருக்கும், கூப்பிடக்கூட நேரம் இருந்திருக்காது என்றார் டாக்டர். எங்கே கிளம்பினாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு அப்பா என்னிடம் கேட்டார். "கூப்பிட்டிருப்பாளா?"

தாளில் 'இல்லை' என்று எழுதினேன்.

நெடுநேரம் அதைப் பார்த்தார். "நீ எப்பவும் இல்லைன்னுதான் சொல்ற" என்றார்.

மூன்று வாரம் கழித்துத் துணிப்பையைத் திறந்தேன். பஸ் அட்டை, புதுக் கண்ணாடியின் உறை, பால் வாங்கும் பாத்திரம். அடியில் காகித மடிப்பு, அதற்குள் இரண்டு டிரான்சிஸ்டர்கள். காகிதத்தில் அவற்றின் எண்ணை எழுதியிருந்தாள். எண்ணுக்குக் கீழே கடையின் பெயர்.

சந்தைக்குப் பின்னால் அந்தச் சந்துக்குள் வழி கேட்டுப் போனேன். நெற்றியில் பூதக்கண்ணாடியைத் தூக்கி வைத்தபடி நரைத்துப்போன 'நாளைக்கு' ஏதோ ரேடியோவைக் கிண்டிக்கொண்டிருந்தார். காகிதத்தை விரித்து வைத்தேன். பொருளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அறிவிப்பு அம்மா பொண்ணா? ஏன், அவங்க வரலையா? திங்கக்கிழமை வரேன்னாங்க. வாழ்க்கையிலயே முதல் தடவையா சொன்ன தேதிக்கு எடுத்து வெச்சேன். அன்னிக்குன்னு பாத்து அவங்க வரல. வரட்டும், இனிமே அவங்களுக்குத்தான் அந்தப் பேரு."

சொன்னேன்.

பூதக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். ரேடியோவை மூடினார். எனக்கு ஒரு முக்காலியை நகர்த்திவிட்டு, தானும் உட்கார்ந்தார். ஊதுபத்தி அட்டைப்பெட்டி மாதிரி ஒரு சிறிய பெட்டியை இழுப்பறையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். மேலே பேனாவில் 'அறிவிப்பு அம்மா, திங்கள்' என்று எழுதியிருந்தது. திறந்தேன். நான்கு டிரான்சிஸ்டர்கள்.

ஏன் நான்கு, ஒரு ஜோடிதானே வேண்டும் என்றேன்.

அவர் காகிதத்தில் இருந்த எரிந்த இரண்டையும் பார்த்தார்.

"நானும் அதேதான் கேட்டேன். ஒரு ஜோடி போடறதுக்கு, ஒரு ஜோடி எம் பொண்ணு வந்து எரிக்கறதுக்குன்னாங்க."

வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுத்தார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் அவர் முழுதாகச் சொன்னார்.

அம்மா புதன்கிழமை வந்திருக்கிறாள். நாங்கள் கழற்றி மூன்று நாள் கழித்து. காகிதத்தைப் பிரித்துக் காட்டியிருக்கிறாள். முதல் மின்சாரத்துக்கு முன்பே இரண்டும் எப்படிப் போகும் என்று இவர் கேட்டதற்குச் சிரித்திருக்கிறாள். கண் மருத்துவமனையிலிருந்து வந்தபோதே வீட்டில் வாசனை இருந்ததாம். சீரிஸ் போர்டில் எல்.இ.டி. பல்பு இருந்ததாம். நான் டீகூடக் குடிக்காமல் ஓடினேனாம். அவளுக்கு அன்றைக்கே தெரியும்.

"அப்புறம் ஏன் கேக்கலை?" என்றேன். அவரிடம் கேட்கும் கேள்வி இல்லை அது.

"சொல்லட்டும்னு இருந்தாங்க போல. மூணு தடவை வாயைக் கிண்டிப் பாத்தேன், கல்லு மாதிரி விளக்கைப் பிடிச்சுட்டு நின்னான்னு சொன்னாங்க. கோவமா சொல்லலம்மா. சிரிச்சுட்டேதான் சொன்னாங்க."

பெட்டியை மூடினேன். அவர் அதை மறுபடி திறந்து, நான்கும் இருக்கின்றனவா என்று விரலால் தொட்டு எண்ணிவிட்டு மூடினார்.

"அவங்களுக்கு எரிஞ்சது பெரிசில்ல" என்றார். "ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்னாங்க. போறதுக்கு முன்னாடி அது ஒரு வார்த்தையாவது பேசிச்சான்னு. அதை உன்னைத் தவிர யாருகிட்ட கேக்க முடியும்? ஃபோன் போட்டுக் கேளுங்க, இதுக்கென்னன்னேன். வெறுங்கையோட கேட்டா அவ கூச்சப்படுவா, திங்கக்கிழமை பொருளை வாங்கிட்டுப் போய், கையில வெச்சுக்கிட்டுக் கேக்கறேன்னாங்க."